ஃபிரிட்ஜ் பழுதானால் என்ன செய்வது? பழுதுபார்ப்பதில் தொடங்கிப் புதியதை மாற்றி வைப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

துணி துவைக்கும் இயந்திரம் நின்றுபோனால் சில நாள் கையால் துவைத்துச் சமாளிக்கலாம். கிரைண்டர் நின்றுபோனால் தெருமுனையில் பாக்கெட் மாவு கிடைக்கும். ஃபிரிட்ஜ் நின்றுபோனால் அப்படி ஒதுக்கிவைக்க முடியாது. உள்ளே இருக்கும் பாலும் மீனும் மருந்தும் நமக்காகக் காத்திருப்பதில்லை. அந்த அவசரத்தில்தான் தேவையில்லாத பழுதுபார்ப்புக்குப் பணம் கொடுக்கிறோம், பொருந்தாத மாடலை வாங்குகிறோம், பிரித்துப் பார்க்காமலே டெலிவரிச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறோம்.

இந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும், தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாத ஓர் இடம் இருக்கிறது. மெக்கானிக் குளிரூட்டும் கேஸ் ஓடும் குழாயை வெட்டச் சம்மதிப்பது, கடையில் முழுப் பணத்தையும் கட்டுவது, டெலிவரி ஆளிடம் ஓ.டி.பி. சொல்வது, பழைய பெட்டியை வண்டியில் ஏற்றிவிடுவது ஆகியவை அப்படிப்பட்டவை. அதற்கு முன்புவரை நம் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அதற்குப் பின் நாம் வாடிக்கையாளர் சேவை எண்ணில் இசை கேட்டுக்கொண்டு காத்திருப்பவர்களாகிவிடுகிறோம். ஆகவே எந்தெந்தச் சோதனையை எந்தக் கட்டத்துக்கு முன்னால் செய்து முடிக்க வேண்டும் என்ற வரிசையில் இந்த வழிகாட்டி அமைந்திருக்கிறது.

முதல் படி: உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்றுதல்

கதவைத் திறந்து திறந்து பார்ப்பதை உடனே நிறுத்த வேண்டும். மூடியே வைத்திருந்தால் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்திருந்தால் சுமார் 24 மணி நேரமும் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர்க் கோடையில், அதுவும் கதவின் ரப்பர் தளர்ந்துபோன பழைய பெட்டியில், இதைவிடக் குறைவாகவே எதிர்பார்ப்பது நல்லது. மீன், இறைச்சி, பால், சமைத்த உணவு ஆகியவற்றை முதலில் பக்கத்து வீட்டுக்கோ ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டிக்கோ மாற்றிவிடலாம். இட்லி மாவு புளிக்குமே தவிர உடனே வீணாகாது. காய்கறிகள் ஓரிரு நாள் வெளியிலேயே இருக்கும்.

வீட்டில் இன்சுலின் பயன்படுத்துபவர் இருந்தால் அதற்குத் தனிக் கவனம் தேவை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பியோ பேனாவோ 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான வகைகள் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும் என்றாலும், மே மாதத்தில் மாடி வீட்டு அறைகளில் அந்த 30 டிகிரி பகல் முழுவதும் தாண்டியே இருக்கும். அவசரத்தில் ஐஸ் கட்டியின் மேல் நேரடியாக வைப்பதும் தவறு. ஒருமுறை உறைந்த இன்சுலினை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டே பாதுகாப்பான இடம். வெளியில் வைத்த மருந்தைப் பற்றி ஐயமிருந்தால் மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: மெக்கானிக்கை அழைக்கும் முன் நாமே பார்க்க வேண்டியவை

பெட்டிக்குள் விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எரியவில்லை என்றால் அதே பிளக் பாயிண்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தால், குறை பெட்டியிலா பாயிண்ட்டிலா என்பது தெரிந்துவிடும். ஸ்டெபிலைசர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, மின்னழுத்தம் சீராக இருக்கும் நேரத்தில் சற்று நேரம் நேரடியாகச் செருகிப் பார்க்கலாம். பல வீடுகளில் உயிர் விட்டிருப்பது ஸ்டெபிலைசர்; பழி மட்டும் ஃபிரிட்ஜின் மேல் விழுகிறது. மின்சாரம் போய் வந்தபின் ஸ்டெபிலைசர் சில நிமிடம் தாமதித்தே மின்சாரத்தை விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

விளக்கு எரிந்தும் குளிர்ச்சி இல்லையென்றால் பெட்டியின் பின்புறம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று சத்தம் வந்து, சிறு உறுமலுக்குப் பிறகு அடங்கிவிட்டால், கம்ப்ரசர் கிளம்ப முயன்று தோற்கிறது என்று பொருள். கம்ப்ரசரைக் கிளப்பவும் காக்கவும் அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும் ரிலே, ஓவர்லோடு, கெப்பாசிட்டர் என்ற சிறு மின்பாகங்களில் ஒன்று பழுதானாலும் இப்படித்தான் நடக்கும். அவை புதிய கம்ப்ரசரின் விலையோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு மலிவான பாகங்கள். கம்ப்ரசரே இறுகிப்போயிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். எனவே முதலில் மலிவான பாகத்தை மாற்றிப் பார்க்காமல் “கம்ப்ரசர் போய்விட்டது” என்று சொல்பவரின் தீர்ப்பை ஏற்க வேண்டியதில்லை.

டபுள் டோர் பெட்டிகளில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஓர் அறிகுறி உண்டு. மேலே ஃப்ரீசரில் ஐஸ் நன்றாக இருக்கும், கீழே மட்டும் குளிர்ச்சி இருக்காது. இவ்வகைப் பெட்டிகளில் ஃப்ரீசரின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும் குளிர்க்குழாய்ச் சுருளிலிருந்து ஒரு சிறு விசிறிதான் குளிர்காற்றைக் கீழே தள்ளுகிறது. அந்தச் சுருளில் படியும் பனியைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு ஹீட்டர் உருக்க வேண்டும். ஹீட்டரோ, அதோடு இணைந்த சென்சாரோ, ஃபியூஸோ பழுதானால் பனி மண்டிக் காற்றுவழியை அடைத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிக் கதவுகளைத் திறந்து ஒரு நாள் முழுவதும் வைத்திருந்து, பிறகு போட்டுப் பார்க்க வேண்டும். சில நாள் நன்றாக ஓடி, மறுபடியும் அதே குறை வந்தால் சிக்கல் பனி உருக்கும் பகுதியில் இருக்கிறது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். இதைக் கேஸ் பிரச்சினை என்று சொல்லிக் கேஸ் ஏற்றுவது வீண் செலவு. அவசரத்தில் கத்தியாலோ கரண்டிக் காம்பாலோ பனியைக் குத்தி எடுக்கவும் கூடாது. அலுமினியக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை பெட்டியையே மாற்றும் செலவாகிவிடும்.

கதவு ரப்பருக்கு எளிய சோதனை, ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது. பிடிமானமே இல்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. ரப்பரை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ள முடியும்.

மூன்றாம் படி: யாரை அழைப்பது, அவரிடம் என்ன கேட்பது

முதலில் பழைய பில்லைத் தேடி எடுக்க வேண்டும். பெட்டி முழுவதற்குமான வாரண்டி பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும் என்றாலும், கம்ப்ரசருக்கு மட்டும் 10 ஆண்டு வரை தனி வாரண்டி தரப்பட்டிருக்கலாம். அது இருந்தால் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரையே அழைக்க வேண்டும். வெளியாள் கை வைத்துவிட்டால் அந்த வாரண்டியை மறுப்பதற்கு அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

சர்வீஸ் சென்டரின் எண்ணை வாரண்டி அட்டையிலிருந்தோ, பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலிருந்தோ, நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்தோ மட்டுமே எடுக்க வேண்டும். இணையத்தில் தேடும்போது முதலில் வந்து நிற்கும் எண்கள் பல, நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களுடையவை. சிலர் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு கட்டணம் வசூலிக்கும் உள்ளூர் ஏஜென்டுகள். சிலர் அசல் மோசடிக்காரர்கள். புகாரைப் பதிவு செய்ய 10 ரூபாய் அனுப்புங்கள் என்றோ, செல்போன் திரையைப் பகிரும் செயலியை இறக்குங்கள் என்றோ யாராவது கேட்டால் அந்த நொடியே அழைப்பைத் துண்டிக்க வேண்டும். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

வாரண்டி எதுவும் மிச்சமில்லை என்றால், ரிலே, தெர்மோஸ்டாட், விசிறி, கதவு ரப்பர் போன்ற வேலைகளுக்குப் பேட்டையில் நெடுநாளாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் எந்த வகையிலும் குறைந்தவர் அல்லர். பல நேரங்களில் அவர்தான் பாகத்தை மாற்றுவதற்குப் பதில் பழுதுபார்த்துத் தருவார். பி.சி.பி. எனப்படும் மின்னணுப் பலகையில் ஒரே ஒரு உறுப்பு எரிந்திருக்கும்போது முழுப் பலகையையும் மாற்றச் சொல்வது சர்வீஸ் சென்டர்களின் வழக்கம். அதைப் பழுதுபார்க்கும் ஆட்கள் சென்னை ரிச்சி தெருவிலும், மற்ற நகரங்களின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளிலும் இருக்கிறார்கள்.

கேஸ் வேலைக்கு மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. பெட்டியின் பின்புறம் கம்ப்ரசர் அருகிலோ உட்சுவரிலோ ஒட்டியிருக்கும் தகட்டில், எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் இருக்கிறது. ஓரளவு பழைய பெட்டிகளில் ஆர்-134ஏ இருக்கும். ஐசோபியூட்டேன் ஓசோன் படலத்தைப் பாதிக்காது, ஆனால் தீப்பிடிக்கக் கூடியது. அந்தக் கேஸ் நிரம்பியிருக்கும் குழாயில் முறைப்படி கேஸை வெளியேற்றாமல் நெருப்பு வைத்துப் பற்றவைப்பது ஆபத்து. தகட்டில் ஆர்-600ஏ என்றிருக்கும் பெட்டியில் ஆர்-134ஏ ஏற்றுகிறேன் என்பவரையும், எடை பார்க்காமல் கைத்திட்டத்தில் ஏற்றுகிறேன் என்பவரையும் வாசலோடு அனுப்பிவிடலாம்.

“கேஸ் இறங்கிவிட்டது, ஏற்றினால் சரியாகிவிடும்” என்ற வாக்கியத்தை அப்படியே ஏற்கக் கூடாது. ஃபிரிட்ஜின் கேஸ், அடுப்புக்குப் போடும் சிலிண்டரைப் போலத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஏற்றினால் சில வாரத்திலோ சில மாதத்திலோ மறுபடியும் வெளியேறிவிடும். எனவே சம்மதம் சொல்லும் முன் கேட்க வேண்டியவை இவை: கசிவு எங்கே இருக்கிறது, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பீர்களா, பழைய ஃபில்டரை மாற்றுவீர்களா, கேஸ் ஏற்றும் முன் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்பை எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள், இந்த வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம், அதைப் பில்லில் எழுதித் தருவீர்களா. வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

எந்த வேலையாக இருந்தாலும், மெக்கானிக் தரும் ஜாப் ஷீட் என்ற வேலைச் சீட்டில் குறையும் மதிப்பீட்டுத் தொகையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். “பாகம் வர வேண்டும்” என்று சொல்லி நாள் கடத்தினால், எந்தத் தேதியில் ஆர்டர் போட்டார்கள் என்பதைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ கேட்டுப் பெறுவது, பின்னால் புகார் கொடுக்கும்போது கைகொடுக்கும்.

நான்காம் படி: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா

பழுதுபார்க்கும் செலவு அதே அளவுள்ள புதிய பெட்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெட்டிக்கு எட்டு, பத்து வயதாகியிருந்தால் பாதி என்பதை மூன்றில் ஒரு பங்காக எடுத்துக்கொள்வது சரி என்பது என் கருத்து. கசிவு குளிர்க்குழாய்ச் சுருளிலோ, சுவர்களுக்குள் புதைந்த குழாயிலோ இருந்தால் பழைய பெட்டியில் அதற்கு மேல் பணம் போட வேண்டாம்.

கம்ப்ரசருக்குப் பத்தாண்டு வாரண்டி இருக்கிறதே என்று மகிழ்பவர்கள், அட்டையின் சிறு எழுத்துகளைப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அந்த வாரண்டி கம்ப்ரசர் என்ற பாகத்துக்கு மட்டும்தான். கேஸ், ஃபில்டர், கூலி, வருகைக் கட்டணம், வண்டி வாடகை ஆகியவை நம் தலையில் விழும். “இலவச” கம்ப்ரசருக்கு நாம் கட்டப்போகும் மொத்தத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டபிறகே முடிவெடுக்க வேண்டும். பாகங்கள் கிடைக்குமா, எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பதை அறிய, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்திலும் பார்க்கலாம். அதில் பல நிறுவனங்கள் தங்கள் சர்வீஸ் விவரங்களைத் தந்திருக்கின்றன.

மின்கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய டபுள் டோர் பெட்டி ஆண்டுக்கு 500 யூனிட் எடுக்கிறது, புதியதன் லேபிளில் 220 யூனிட் என்றிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 280 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 47 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை பொருந்தும் வகையில் கட்டணப் படிகள் மாறிவிடும். 520, 530 என்று தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த 47 யூனிட் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும். 200 யூனிட்டுக்குள் முடிக்கும் வீட்டில், மின்சாரச் சேமிப்புக்காக மட்டும் ஓடுகிற பெட்டியை மாற்றுவது கட்டுப்படியாகாது.

ஐந்தாம் படி: அளவெடுத்தல்

ஃபிரிட்ஜ் நிற்கும் இடத்தை எல்லோரும் அளக்கிறார்கள்; அது வந்து சேரும் வழியை அளப்பவர்கள் குறைவு. தெருக்கதவு, மாடிப்படியின் திருப்பம், லிஃப்ட்டின் வாசல், சமையலறைக் கதவு ஆகிய நான்கிலும் மிகக் குறுகியதன் அளவே முக்கியம். புதிய பெட்டிகளில் வெப்பம் பெரும்பாலும் பக்கவாட்டுச் சுவர்கள் வழியாக வெளியேறுவதால், கையேட்டில் சொல்லும் இடைவெளியை இரு பக்கமும் பின்புறமும் விட வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, முழுவதும் திறந்தால் சுவரில் இடிக்காமல் உள்ளே இருக்கும் காய்கறித் தட்டை வெளியே இழுக்க முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மேலே பரண் இருந்தால் அதன் உயரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: கடையில்

நட்சத்திர லேபிளில் நட்சத்திரங்களை மட்டும் எண்ணிப் பயனில்லை. எரிசக்தித் திறன் பணியகம் வழங்கும் அந்த லேபிளில், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணும், லேபிள் செல்லுபடியாகும் காலமும் இருக்கின்றன. சிங்கிள் டோருக்கும் டபுள் டோருக்கும் அளவுகோல் வேறு வேறு. ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய பெட்டி, மூன்று நட்சத்திரம் பெற்ற சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் எடுப்பது இயல்பு. அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய லேபிளில் ஐந்து பெற்ற அதே மாடல் புதிய லேபிளில் குறைவாகப் பெறலாம். ஆகையால் ஒப்பிட வேண்டியது யூனிட் எண்ணைத்தான். லிட்டர் கணக்கிலும் மொத்தக் கொள்ளளவு வேறு, பொருள் வைக்கப் பயன்படும் கொள்ளளவு வேறு. கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் பெரிய எண்ணை.

விலையை ஒப்பிடும்போது, ஒரே பெட்டிக்குக் கடைக்குக் கடை ஓர் எழுத்து மாற்றி வேறு மாடல் எண் கொடுக்கும் வழக்கத்தைக் கவனிக்க வேண்டும். “வேறெங்காவது குறைந்த விலை காட்டினால் வித்தியாசத்தைத் திருப்பித் தருகிறோம்” என்ற வாக்குறுதியை நிறைவேற்ற வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்ள அந்த ஓர் எழுத்து போதும். எம்.ஆர்.பி.யிலிருந்து நாற்பது சதவீதம் தள்ளுபடி என்ற பலகைக்கும் பொருள் இல்லை, ஏனெனில் எம்.ஆர்.பி.க்கு இந்தப் பெட்டிகளை விற்பவர் யாருமில்லை. 18 சதவீத ஜி.எஸ்.டி., வீட்டுக்குக் கொண்டுவரும் வாடகை, மாடி ஏற்றும் கூலி எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து போகும் இறுதித் தொகை எவ்வளவு என்று மட்டும் கேட்டு, அதை இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிட வேண்டும். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் காத்திருக்கலாம் என்ற அறிவுரை, ஓடுகிற ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கானது.

வட்டியில்லாத் தவணை என்பதை முகமதிப்பில் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிரெடிட் கார்டு வழியான பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டியை வேறு கட்டணங்களுக்குள் மறைக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் கண்டித்திருக்கிறது. முழுப் பணமாகக் கட்டினால் என்ன விலை, தவணையில் என்ன விலை, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால் மறைந்திருக்கும் வட்டி வெளியே வந்துவிடும்.

பில் போடும் மேசையில் எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஸ்டெபிலைசர், ஸ்டாண்ட், கவர் என்று வரிசையாக நீட்டுவார்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டியைத் தருவது ஃபிரிட்ஜ் நிறுவனமா, கடையா, மூன்றாவதாக ஒரு காப்பீட்டு நிறுவனமா என்று கேட்க வேண்டும். கேஸும் பி.சி.பி.யும் அதில் அடங்குமா என்பதே அடுத்த கேள்வி. அவை அடங்காத திட்டத்துக்குப் பணம் கட்டுவது வீண். ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் வாரண்டி செல்லாது என்று விற்பனையாளர் சொன்னால், அந்த வரியை வாரண்டி அட்டையில் காட்டச் சொல்லலாம். எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை அந்தப் பெட்டி தாங்கும் என்பது கையேட்டிலேயே இருக்கும். மின்னழுத்தம் உண்மையிலேயே ஏறி இறங்கும் பகுதியில் இருப்பவர்கள் தனியாக நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிக்கொள்ளலாம்.

எக்ஸ்சேஞ்ச் பற்றி ஒரு சொல். பழையதை எடுத்துக்கொள்ளும் விலையைக் கடைக்காரர் தாராளமாகச் சொல்லும்போது, எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் என்ன விலை என்றும் கேட்க வேண்டும். பல இடங்களில் தள்ளுபடியைக் குறைத்து அதையே எக்ஸ்சேஞ்ச் விலை என்று பெயர் மாற்றித் தருகிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பமாக இருந்தால் எக்ஸ்சேஞ்சைத் தவிர்ப்பதே மேல். புதிய பெட்டி ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை இடம் இருந்தால் பழையதை வைத்திருக்கலாம், குறிப்பாக அது அரைகுறையாகவேனும் குளிர்விக்கிறது என்றால்.

ஏழாம் படி: டெலிவரி நாள்

இந்த ஒரு நாளில் காட்டும் கவனம், பின்னால் வரும் பல வாரத் தொல்லையை மிச்சப்படுத்தும். டெலிவரி ஆட்கள் எப்போதும் அவசரத்தில் இருப்பார்கள். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பார்கள். ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டால் பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகவே கணினியில் பதிவாகிவிடும் என்பதால், பெட்டியைப் பார்க்கும் முன் அதைச் சொல்லக் கூடாது.

முதலில் அட்டைப்பெட்டியின் நான்கு மூலைகளையும் அடிப்பக்கத்தையும் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். மூலை நசுங்கியிருந்தால் உள்ளே தகடும் நசுங்கியிருக்க வாய்ப்பு உண்டு. பிறகு அட்டையின் மேல் உள்ள மாடல் எண், சீரியல் எண், தயாரித்த மாதம் ஆகியவற்றைப் பில்லோடு ஒப்பிட வேண்டும். ஷோரூமில் காட்சிக்கு வைத்திருந்த பெட்டி மறுபடியும் அட்டைக்குள் புகுந்து வீட்டுக்கு வருவதும் உண்டு. கதவு ரப்பரின் மடிப்பில் படிந்த தூசியும், தட்டுகளின் பாதுகாப்புப் படலம் உரிந்திருப்பதும் அதைக் காட்டிக்கொடுக்கும். அட்டையைப் பிரிப்பதிலிருந்து பெட்டியைச் சுற்றிவருவது வரை வெட்டில்லாமல் ஒரே காணொளியாக எடுத்து வைத்துக்கொண்டால், “நீங்கள்தான் இடித்துவிட்டீர்கள்” என்ற பதிலுக்கு இடமிருக்காது.

“நாங்கள் பிரிக்கக் கூடாது, கம்பெனி என்ஜினீயர் வந்துதான் பிரிப்பார்” என்று சொல்லி அட்டையோடு விட்டுப்போவது இணையத்தில் வாங்கும்போது சாதாரணமாக நடப்பது. அப்படியானால் டெலிவரிச் சீட்டில் “பிரித்துப் பார்க்கவில்லை” என்று நம் கையாலேயே எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டே இல்லாமல் ஓ.டி.பி. மட்டும் கேட்டால், அன்றே விற்பனையாளருக்கு இதைச் செய்தியாக அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். வெளிப்படையான சேதம் இருந்தால் வாங்கவே வேண்டாம். “வைத்துக்கொள்ளுங்கள், நாளை வேறு அனுப்புகிறோம்” என்ற சொல்லை நம்பி வாங்கினால் அந்த நாளை நெடுநாள் வராது.

பெட்டியை நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும். வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். கையேடு சொல்லும் நேரம்வரை, குறைந்தது சில மணி நேரமாவது, நிமிர்த்தி வைத்திருந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். மட்டம் பார்த்து முன்கால்களைத் திருகிச் சரிசெய்தபின், வெறும் பெட்டியாகச் சில மணி நேரம் ஓடவிட்டு, பிறகு பொருள்களை அடுக்கலாம். அட்டையையும் தெர்மாகோலையும் உடனே குப்பைக்குக் கொடுக்க வேண்டாம். திருப்பி அனுப்ப நேர்ந்தால், எடுத்துச்செல்ல வருபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

எட்டாம் படி: முதல் வாரம்

ஒரு சிறு தெர்மாமீட்டரைத் தண்ணீர்க் குவளைக்குள் போட்டு நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்துப் பார்த்தால், கீழ்ப்பகுதி 4 டிகிரி அளவில் இருக்கிறதா என்று தெரியும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். பக்கச் சுவர்கள் சூடாக இருப்பதும், தண்ணீர் ஓடுவது போன்ற சத்தமும், அவ்வப்போது ‘படக்’ என்று பிளாஸ்டிக் விரியும் ஓசையும் இயல்பானவை. இடைவிடாத உலோக அதிர்வும், தொட்டால் சுருக்கென்ற மின்னதிர்வும் இயல்பானவை அல்ல. மின்னதிர்வுக்குப் பெரும்பாலும் வீட்டின் எர்த் இணைப்பே காரணம் என்பதால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

இணைய விற்பனையில் இந்த வகைப் பொருளைத் திருப்பி அனுப்பும் அவகாசம் சில நாள்தான், அதுவும் பெரும்பாலும் பணம் திரும்பாது, மாற்றுப் பெட்டிதான் கிடைக்கும். அதற்கு நிறுவனத்தின் டெக்னீஷியன் வந்து குறையை எழுதித் தர வேண்டும் என்பார்கள். அவர் வருவதற்குள் அவகாசம் முடிந்துவிடும். ஆகவே முதல் ஐயம் எழுந்த அன்றே விற்பனையாளரிடமும் நிறுவனத்திடமும் ஒரே நேரத்தில் புகாரைப் பதிந்து, இரண்டு புகார் எண்களையும் வைத்துக்கொள்ள வேண்டும். பில் வெப்பத்தாளில் அச்சிட்டதாக இருந்தால் சில மாதங்களில் வெளுத்துவிடும். அன்றே படம் எடுத்துச் சேமிக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: பழைய பெட்டியை அனுப்புதல்

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, ஃபிரிட்ஜ் தயாரிப்பாளர்களுக்குப் பழைய பெட்டிகளை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் அதற்கான எண் கொடுக்கப்பட்டிருக்கும். வந்து எடுப்பார்களா என்பது ஊரைப் பொறுத்தது. பழைய இரும்புக் கடைக்காரர் கூடுதல் விலை தரலாம், ஆனால் தெருவிலேயே வைத்துக் குழாயை வெட்டிக் கேஸைக் காற்றில் விடுவார். அனுப்பும்வரை பெட்டியை வராந்தாவிலோ மொட்டைமாடியிலோ வைப்பதானால் கதவைக் கழற்றிவிட வேண்டும். விளையாட்டாக உள்ளே புகுந்த குழந்தை மூச்சுத் திணறும் ஆபத்து அதில் இருக்கிறது.

பத்தாம் படி: குறை தீராவிட்டால்

விற்பனையாளர் நிறுவனத்தைக் கைகாட்டுவார். நிறுவனம் சர்வீஸ் சென்டரைக் கைகாட்டும். இந்தச் சுற்றை உடைக்க, தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத்துக்கு மாற வேண்டும். வாங்கிய தேதி, சீரியல் எண், குறை, இதுவரையிலான புகார் எண்கள், நாம் கேட்கும் தீர்வு, அதற்கான கெடு ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் எழுதி இருவருக்கும் அனுப்ப வேண்டும். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அது நீதிமன்றம் இல்லை, உத்தரவிட முடியாது. ஆனாலும் அங்கிருந்து வரும் கடிதத்துக்கு நிறுவனங்களின் மேல்மட்டம் பதில் சொல்வது வழக்கம்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நெடுநாள் ஆகிறது. ஆகையால் வழக்கை நம்பி ஃபிரிட்ஜ் இல்லாமல் காத்திருக்க முடியாது. வேறு பெட்டி வாங்கிக்கொண்டு, அந்தப் பில்லையும் இழப்பீட்டுக் கோரிக்கையோடு சேர்த்துக் கொடுக்கலாம். குறையுள்ள பெட்டியை மட்டும் வழக்கு முடியும்வரை விற்கவோ பிரிக்கவோ கூடாது, ஏனெனில் அதுவே சான்றுப்பொருள். ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றாதவர்களுக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதே சட்டத்தின் 72-ஆம் பிரிவு இடம் தருகிறது. உத்தரவு வந்தும் பணம் வரவில்லை என்றால், அந்தப் பிரிவின் கீழ் அதே ஆணையத்தில் மனுச் செய்ய வேண்டும்.